கிணற்றுக்கும் பங்க்குக்கும் நடுவே ஒரு துளை

அன்றைக்கு நான் இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தேன். தூக்குச்சட்டியை யாரோ ‘ணங்’கென்று தரையில் வைத்த சத்தம் கேட்டு விழித்துப் பார்த்தால் என் மனைவி நிற்கிறாள். விடியும் முன்னே வேன் ஏறிப் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவள், வெயில் ஏறும் முன்னே திரும்பி வந்துவிட்டாள். கட்டிக்கொண்டு போன சோறு கலையாமல் இருந்தது. தீபாவளி ஆர்டர் நெருக்குகிற ஆடி மாதம். காய்ச்சல் என்றாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிற காலம் அது.

“என்ன, கம்பெனி லீவா?” என்று கேட்டேன்.

“எனக்கு மட்டுந்தான் லீவு. சேலையில பெட்ரோல் வாடை அடிக்குதாம். ஃபோர்மேன் கேட்டுலயே நிப்பாட்டி அனுப்பிட்டாரு.”

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் காட்டுக்குள் இருக்கும் அந்தக் கம்பெனிகளில் கேட்டைத் தாண்டுவது லேசான காரியமில்லை. தீப்பெட்டி, பீடி, செல்போன், கொண்டை ஊசி, கொலுசு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். மருந்து அறை வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே காலை வைக்க வேண்டும். அவள் கம்பெனி ஃபோர்மேன் பட்டாசுக்குள்ளேயே நரைத்த மனிதர். முந்தின நாள் யார் வீட்டில் கறி எடுத்தார்கள் என்று கேட்டில் நின்றபடியே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட மூக்கிலிருந்து பெட்ரோல் தப்புமா?

முந்தின நாள் சந்துப் பெண்களெல்லாம் தெருக்குழாயில் துவைக்க, இவள் மட்டும் அந்தச் சேலையை எங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் துவைத்திருந்தாள். நேராகப் புழக்கடைக்குப் போய் ஒரு வாளி இறைத்து வந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். “மோந்து பாருங்க.”

மோந்து பார்க்கவே தேவையிருக்கவில்லை. வாளித் தண்ணீரின் மேல் மெல்லிசாக ஒரு படலம் பல நிறத்தில் மினுங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் வீடு திருத்தங்கலில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. ரோட்டைப் பார்த்தபடி ஒரு பெட்ரோல் பங்க். அதன் பின்சுவர்தான் எங்கள் புழக்கடைக்குத் தெற்குச் சுவர். புழக்கடை நடுவில் கிணறு. கிணறு எங்கள் இடத்தில் இருந்தாலும் தண்ணீர் சந்துக்கே பொது. தெருக்குழாயில் தண்ணீர் வருவது அதன் இஷ்டம். வந்தால் வந்ததுதான். மற்றபடி குளிக்க, துவைக்க, மாட்டுக்கு வைக்க, கோடையில் குடிக்கவும்கூட எல்லா வீட்டுக்கும் அந்தக் கிணறுதான்.

பங்க் பக்கத்தில் இருக்கும்போது பழி பங்க் மேல்தானே விழ வேண்டும்? விழவில்லை. என் மேல் விழுந்தது. காரணம், நான் பிரஸ்காரன், அச்சு மிஷின் ஓட்டுகிறவன். ஆப்செட் மிஷினில் ஒரு நிறம் ஓட்டி முடித்து அடுத்த நிறத்துக்கு மாறும்போது ரோலரைப் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் போட்டுக் கழுவ வேண்டும். மிஷின்மேன் கையில் அந்த வாடை எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. நான் வேலை முடிந்து வந்து, கிணற்றடித் துவைகல்லில்தான் கை கால் கழுவுவேன். மைக் கறை பிடித்த சட்டையை அங்கேயேதான் அலசிப் போடுவேன். இது சந்துக்கே தெரியும். ஒரே நாளில் எல்லோரும் சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பங்க் மேனேஜர் சுவருக்கு மேல் தலையை நீட்டி, “பிரஸ்காரரு வீட்டுக் கெணத்துல பெட்ரோல் வாடை அடிக்காம பன்னீர் வாடையாய்யா அடிக்கும்?” என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் நாக்கு முன்னால் போய்விடும், புத்தி பின்னால் நடந்து வரும். சுவர் ஏறிக் குதிக்காத குறையாகச் சண்டை போட்டேன். நான் கத்தக் கத்த, குற்றம் செய்தவன்தான் இந்தக் கத்துக் கத்துவான் என்று ஆகிப்போனது. கைகழுவுகிற தண்ணீர் கிணறு நிறைய நாறுமா என்று கேட்டால், வருசக்கணக்காகக் கழுவியது சேர்ந்திருக்கும் என்றார்கள். கழிவு பெட்ரோலை டின்னோடு கொண்டுவந்து கொட்டுகிறேன் என்று ஒரு பேச்சும் கிளம்பியது. வாளியும் கயிறுமாக எங்கள் புழக்கடைக்கு வந்துகொண்டிருந்த பெண்கள், என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திவிட்டுத் தெருக்குழாய்ப் பக்கம் நடந்தார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் மனைவி எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் தன் துணிகளை அக்கா வீட்டில் துவைத்து உடுத்திக்கொண்டு சில நாளில் வேலைக்குப் போய்விட்டாள். சந்தில் பேச்சு வந்தால் கேட்டுக்கொண்டு சும்மா நின்றாள். ஒரு நாள் நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன், “நீயும் நான்தான்னு நினைக்கியா?” என்று. “சும்மா இருங்க” என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் தூக்கம் கெட்டேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இப்படி இருக்கையில் ஒரு காலையில் எங்கள் சந்துக்குள் ஒரு ஜீப்பும், இரும்புக் கால்களும் குழாய்களும் ஏற்றிய ஒரு லாரியும் வந்து நின்றன. ஜீப்பிலிருந்து தலைக்கவசம் போட்ட ஒரு பெண் இறங்கினார். மெட்ராஸிலிருந்து வந்த பொறியாளர். மண்ணுக்கு அடியில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா, எங்கிருந்து இறங்குகிறது என்று துளை போட்டுப் பார்ப்பது அவர் வேலை. அப்படி ஒரு வேலை உலகத்தில் இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

“மனு கொடுத்தது உங்க வீட்டம்மாதானே அண்ணே? விருதுநகர்ல கலெக்டர் ஆபீஸ்ல கொடுத்தது” என்றார் பொறியாளர்.

எனக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. ஒரு திங்கள்கிழமை அவள் விருதுநகருக்குப் போனது உண்மைதான். மிளகாய் வற்றல் வாங்கப் போகிறேன் என்றாள், வாங்கியும் வந்தாள். குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று, கிணற்றைச் சோதிக்கச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டு வந்த கதையை வாயைத் திறக்கவில்லை. சொந்தப் புருஷன் செய்தானா இல்லையா என்று பார்க்க அரசாங்கத்தைக் கூட்டி வந்திருக்கிறாள் என்றுதான் நான் அதைப் புரிந்துகொண்டேன். சீசன் நேரத்தில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, வந்தவர்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் மேல் எனக்கு மரியாதை இல்லை. அவசரமாக நாலு ஓட்டை போடுவார்கள், புரியாத இங்கிலீஷில் ஏதோ எழுதுவார்கள், போய்விடுவார்கள் என்று நினைத்தேன். ஆனால் அன்று காலை முழுக்க அவர்கள் மண்ணைத் தொடவே இல்லை. முதலில் தன் ஆட்களையும் எங்களையும் கிணற்றடியில் கூட்டி வைத்துப் பொறியாளர் பேசினார்.

“கீழே பெட்ரோல் இருந்தா, நாம துளை போடறப்ப அதோட ஆவி மேல வரும். இந்த மீட்டர் கத்தும். கத்தினா எஞ்சினை நிறுத்திட்டு எல்லாரும் காத்து வர்ற பக்கமாப் போயிடணும். ஓட வேண்டாம், நடந்தாப் போதும். மீட்டர் கத்தாமலே உங்கள்ல யாருக்காவது மனசுக்குச் சரியாப் படலைன்னா, கையைத் தூக்கி ‘நிறுத்து’ன்னு சொல்லுங்க. யார் சொன்னாலும் நிறுத்துவோம். ஏன்னு அப்புறமாக் கேட்டுக்கலாம்.”

“நான் சொன்னாலுமா?” என்று நக்கலாகக் கேட்டேன்.

“நீங்க சொன்னாலும்தான் அண்ணே. உங்க இடம்.”

ஆடிக்காற்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கம்பில் ரிப்பனைக் கட்டி நட்டு அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எதையும் வைத்தார்கள். துளை போடும் இடத்துக்கு மேலே இரும்பு முக்காலி. எஞ்சினோ அங்கிருந்து தள்ளி, மேற்கு மூலையில். அதன் புகைக்குழாயில் தீப்பொறி தடுக்கும் கூடு ஒன்று மாட்டியிருந்தது. செல்போன்களை அணைத்து ஜீப்பில் வைத்தார்கள். முக்காலியிலிருந்து ஒரு செம்புக் கம்பியை இழுத்து, தரையில் அடித்த கம்பியில் கட்டியபோது, வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்த பட்டாசுக் கம்பெனிப் பெண்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஏத்தா, இங்கனயும் எர்த்து புடிக்காகடி!” என்றாள் ஒருத்தி. பிறந்த ஊரைச் சொன்னதும் சொந்தம் கண்டுபிடிக்கிற மாதிரி, அந்தக் கம்பியைப் பார்த்ததும் எங்கள் சந்துப் பெண்கள் பொறியாளரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

பிறகு என்னிடம் வந்தார். “அண்ணே, இந்த இடத்துக்கு அடியில ஒயர், பைப்பு ஏதாவது போகுதா?”

“ஒண்ணும் கிடையாது. என் வீடு, எனக்குத் தெரியாதா?” என்றேன். சத்தியம் பண்ணாத குறைதான்.

நல்லது என்று தலையை ஆட்டிவிட்டு, மிஷினை ஓரமாக வைத்துக் கையாலேயே தோண்டச் சொன்னார். நெஞ்சு ஆழம் வரை கையால்தான் தோண்டுவார்களாம். அதற்குக் கீழேதான் மிஷின். மண்வெட்டியால் கொத்தாமல், சிறு கரண்டியால் சுரண்டிச் சுரண்டிக் கரிசல் மண்ணை எடுத்தார்கள். இப்படித் தோண்டினால் அடுத்த தீபாவளிக்குத்தான் முடியும் என்று நான் சத்தமாகவே சொன்னேன். முழங்கால் ஆழம் போவதற்குள் கறுப்பாக ஒன்று தட்டுப்பட்டது. எப்போதாவது தொட்டி நிரப்பப் போடுகிற கிணற்று மோட்டாருக்குப் போகும் கரண்ட் ஒயர். நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் எலக்ட்ரீஷியன் குறுக்கு வழியில் புதைத்துவிட்டுப் போயிருக்கிறான். மிஷினை நேராக இறக்கியிருந்தால் அந்த ஒயரில்தான் போய்க் குத்தியிருக்கும். அடியில் பெட்ரோல் ஆவி, மேலே கரண்ட். பொறியாளர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புக்கூடச் சிரிக்கவில்லை. மெயினை அணைக்கச் சொன்னார், குழியைக் கொஞ்சம் தள்ளி மறுபடி கையால் தோண்டச் சொன்னார். எனக்கு அந்தப் பெண்ணின் மேல் மரியாதை பிறந்தது அந்த நேரத்தில்தான்.

அவர் எனக்குக் கணக்கை விளங்கும்படி எடுத்துச் சொன்னார். நான் கழுவிக் கொட்டியதுதான் கிணற்றுக்குப் போனது என்றால், துவைகல்லுக்குப் பக்கத்தில் மேல்மண்ணும் நாறும், அதிலிருந்து கீழே தண்ணீர் மட்டம் வரைக்கும் மண் நாறிக்கொண்டே போகும். பங்க்கிலிருந்து வருவது என்றால், சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவில் மேல்மண் சுத்தமாக இருக்கும். அடியில், தண்ணீர் நிற்கும் மட்டத்தில்தான் நாறும். ஆகவே துவைகல்லருகே ஒரு துளை, சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு துளை. நான் யோக்கியனா இல்லையா என்பது இந்த இரண்டு துளைக்குள் இருந்தது.

துவைகல்லருகே போட்ட துளையில் முதலில் வந்த மண்ணிலேயே மீட்டர் முனகியது. நான் கை கழுவுகிற இடம், முனகாமல் என்ன செய்யும்? ஆனால் சுவருக்கு மேலிருந்து மேனேஜர், “பாத்துக்கோங்கய்யா எல்லாரும்!” என்று குரல் கொடுத்தார். சந்தே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குக் கீழே வந்த மண்ணில் மீட்டர் அடங்கிவிட்டது. அதைக் கவனிக்க அங்கே யாருக்கும் பொறுமையில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு அண்ணே” என்றார் பொறியாளர்.

மறுநாள் அந்த இன்னொன்று. சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவே கையால் தோண்டி முடித்து, முக்காலியை நட்டு மிஷினை இறக்கினார்கள். அன்றைக்கு ஃபோர்மேனும் வந்திருந்தார். எங்கள் சந்திலிருந்து மட்டும் ஒரு வேன் ஆட்கள் அவர் கம்பெனிக்குப் போகிறார்கள். கிணற்றின் கதை தெரியாமல் அவருக்கு நிம்மதியில்லை. கரிசல் தாண்டி, அதற்கு அடியில் சுக்கான்கல் அடுக்கும் தாண்டி, ஈரம் வருகிற ஆழத்தை நெருங்கினார்கள். மண்ணை வெட்டும் தண்டை நிறுத்தி, மாதிரி எடுக்கும் குழாயை இறக்கத் தயாரானபோது, துளையின் வாயிலிருந்து குப்பென்று வாடை வந்தது. மீட்டர் கத்தியது. பொறியாளர் கையைத் தூக்கினார். எஞ்சின் நின்றது. சொன்னபடி அவர் ஆட்கள் மேற்கே நடந்தார்கள். நாங்களும் நடந்தோம்.

ஃபோர்மேன் மட்டும் நடக்கவில்லை. கிணற்று விளிம்பில் நிறைத்து வைத்திருந்த வாளியைத் தூக்கினார். ஒரே எட்டில் போய்த் துளைக்குள் ஊற்றினார். “வேண்டாம்! ஊத்தாதீங்க!” என்று பொறியாளர் கத்திக்கொண்டு வருவதற்குள் இரண்டாவது வாளியும் உள்ளே போய்விட்டது.

அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வொரு அறை வாசலிலும் தண்ணீரும் மணலும் இருக்கும். மருந்து சிந்தினால் தண்ணீர்; தரை காய்ந்தால் தண்ணீர்; சந்தேகமாக எதைக் கண்டாலும் முதலில் தண்ணீர். அங்கே நனைந்துவிட்டால் ஆபத்துப் போச்சு. எங்கள் பக்கத்தில் வளர்ந்த யாராக இருந்தாலும் கை வாளியைத்தான் தேடும். கிட்டே நின்றிருந்தால் நானே ஊற்றியிருப்பேன். ஆனால் பெட்ரோல் நனையாது. தண்ணீர் ஏற ஏற அதன் மேல் மிதந்து, ஆவியையும் தள்ளிக்கொண்டு மேலே வரும். மீட்டர் முன்னைவிட உச்சத்தில் அலறியது. பொறியாளர் ஃபோர்மேனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். சந்தில் எரிந்துகொண்டிருந்த அடுப்புகளையெல்லாம் அணைக்கச் சொன்னார். பங்க்கில் பெட்ரோல் போடுவதையும் நிறுத்த வைத்தார். எங்களை எண்ணிப் பார்த்து, எல்லோரும் இருக்கிறோம் என்று தெரிந்த பிறகுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மீட்டர் அடங்க நேரமானது. எனக்கோ உள்ளுக்குள் குதூகலம். அடியில் நாறுகிறது, சுவர்ப் பக்கம் நாறுகிறது, நான் தப்பித்தேன்! அதைத்தான் சத்தமாகச் சொன்னேன்.

பொறியாளர் தலையசைத்தார். “இல்ல அண்ணே. இந்தத் துளை கெட்டுப்போச்சு. சாம்பிள் மண்ணு எடுக்கறதுக்கு முன்னாடி உள்ளே போனது உங்க கிணத்துத் தண்ணி. இனிமே இதுல பெட்ரோல் இருந்தா, அது மண்ணுல இருந்ததா, வாளியில இருந்ததான்னு யாராலயும் சொல்ல முடியாது.”

“நீங்களே மோந்தீகல்ல? தண்ணி ஊத்துறதுக்கு முந்தியே வாடை வந்துச்சுல்ல?”

“வந்துச்சு. என் மூக்கை வெட்டி ரிப்போர்ட்ல ஒட்ட முடியாதே.”

நான் கெஞ்சினேன், பிறகு கத்தினேன். உங்களுக்கு ஒரு நாள் வேலை, எனக்கு மானம் போகிறது என்றேன். எனக்குச் சாதகமாக ஒரு வரி எழுதுவதில் என்ன கஷ்டம் என்றேன். அவர் எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு, “கெட்டுப்போன துளையை வச்சு உங்களை நல்லவர்னு எழுதினா, நாளைக்கே அதை ஒருத்தர் கிழிச்சுப் போட்டுடுவார். கிழிக்க முடியாத மாதிரி எழுதணும்னா நாளைக்கும் தோண்டணும்” என்றார். கோபத்தில் எனக்கு அப்போது அது விளங்கவில்லை. இன்றைக்கு நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

அந்தத் துளையை அப்படியே விட்டுவிட்டும் போகவில்லை. களிமண்ணும் சிமெண்டும் கரைத்த குழம்பை அடியிலிருந்து வாய் வரைக்கும் நிரப்பி அடைத்தார்கள். மேலே இருக்கும் அழுக்கு அந்த வழியாகத் தண்ணீருக்குப் போய்விடக் கூடாதாம். ஃபோர்மேன் ஓரமாக, வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு, திருடன் மாதிரி நின்றார். பொறியாளர் அவரிடம் போனார்.

“தப்பு என் மேலதான் சார். தண்ணி ஊத்தக் கூடாதுன்னு காலையில நான் சொல்லவே இல்ல. இந்த ஊர்ல தண்ணிதான் முதல்ல கைக்கு வரும்னு எனக்குத் தோணியிருக்கணும்.”

அவ்வளவு பெரிய மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க ஆளுக இப்படித் தப்புப் பண்ணுனா நான் வஞ்சு விரட்டிருப்பேம்மா” என்றார்.

மூன்றாம் நாள் காலைக் கூட்டத்தில் என் மனைவியிடம் ஒரு தம்ளர் தண்ணீரும் கொஞ்சம் கடலை எண்ணெயும் கேட்டு வாங்கினார் பொறியாளர். தம்ளருக்குள் எண்ணெயை விட்டார். அடியில் போகாமல் மேலே வந்து நின்றது. “பெட்ரோலும் இப்படித்தான். இங்கே தண்ணி வேண்டாம். மணல் போதும், நுரை அடிக்கிற சிலிண்டர் இருக்கு” என்றார். தினம் எண்ணெயில் புழங்கும் பெண்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஃபோர்மேன் சொல்லாமலே தன் வண்டியில் இரண்டு சாக்கு மணல் கொண்டுவந்து இறக்கினார். அன்று முழுக்க அதன் பக்கத்திலேயே காவல் நின்றார்.

துளைக்குள் போகும் ஒவ்வொரு சாமானையும் கழுவித்தான் இறக்குவோம், கிணற்றுத் தண்ணீரை அதில் படவிடக் கூடாது என்றார் பொறியாளர். தெருக்குழாயில் அன்று தண்ணீர் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். என் மனைவிதான் முதல் குடத்தை இடுப்பில் வைத்தாள். பின்னால் மற்றப் பெண்களும் வந்தார்கள். என்னிடம் பேச்சை நிறுத்தியிருந்தவர்கள் என் புழக்கடைக்குள் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார்கள். என்னைப் பார்க்காமல்தான் இறக்கினார்கள்.

சுவருக்கும் கிணற்றுக்கும் நடுவிலேயே, அடைத்த துளைக்குக் கொஞ்சம் தள்ளி, மறுபடியும் அதே கரண்டி, அதே சுரண்டல். நான் இந்த முறை அவசரப்படுத்தவில்லை. நானும் குழிக்குள் இறங்கிக் கொஞ்சம் மண் அள்ளினேன். மிஷின் இறங்கியதும் பொறியாளர் பங்க் மேனேஜரைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஒவ்வொரு குழாய் மண் மேலே வரும்போதும் மீட்டரை அவர் கண்ணுக்கு நேரே காட்டினார். கரிசலில் ஒன்றுமில்லை. சுக்கானில் ஒன்றுமில்லை. அதற்குக் கீழேயும் ஒன்றுமில்லை. மேனேஜர் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஒருவேளை நான்தானோ என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அத்தனை வாய் சொல்லிச் சொல்லி, நான் கொட்டாத டின் எனக்கே கண்ணில் தெரிய ஆரம்பித்திருந்தது.

ஈரம் தொட்ட ஆழத்தில் மீட்டர் கத்தியது. எஞ்சின் நின்றது, எல்லோரும் மேற்கே நடந்தோம், ஃபோர்மேன் முதல் ஆளாக நடந்தார். அடங்கும் வரை காத்திருந்தோம். திரும்பி வந்து குழாயை எடுத்தார்கள். அதன் அடிமண் கறுத்து, நசநசவென்று, தூரத்திலேயே நாறியது. பொறியாளர் அதை மூடி, மேலே எழுதி ஒட்டி, பனிக்கட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அப்புறம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“துவைகல்லுகிட்ட வாடை ஒரு முழத்தோட நின்னுபோச்சு. அது கை கழுவின தண்ணி. இங்கே மேலே சுத்தமா இருக்கு, கீழே தண்ணி மட்டத்துல நிக்குது. மேலேர்ந்து ஊத்தின எதுவும் இப்படி வராது. லேப் முடிவு வரட்டும். ஆனா சார், உங்க டேங்கையும் பைப்பையும் சோதிக்கணும். அதுவரைக்கும் பெட்ரோல் போடறதை நிறுத்திடுங்க.”

மேனேஜர் திரும்பிப் பங்க் ஆட்களிடம் பம்பை நிறுத்தச் சொன்னார். ஒவ்வொரு குழாயையும் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாரே. பின்னால் பங்க் தரையைத் தோண்டியபோது குழாய் இணைப்பு ஒன்று இற்றுப்போய் ஒழுகிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். கிணற்றைத் தேற்றி எடுக்க ரொம்ப நாள் பிடித்தது.

அன்று மத்தியானம் சந்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து என் தோளைத் தட்டினார்கள். “நாங்க அப்பமே நினைச்சோம்” என்றுகூட ஒருத்தர் சொன்னார். நான் எல்லோரையும் விலக்கிவிட்டு என் மனைவியிடம் போனேன். காலிக் குடங்களை யார் யாருடையது என்று பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இப்பவாச்சும் நம்புதியா?” என்றேன்.

“நான் எப்ப நம்பாம இருந்தேன்?”

“நம்புனவ ஒரு வார்த்தை சொன்னியா? கலெக்டர்கிட்ட மனுல்ல குடுத்த?”

“பொண்டாட்டி சொன்னா எவன் காதுல வாங்குவான்? கேக்கவன் சிரிப்பான்.” கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “எனக்குச் சந்தேகம் இருந்திருந்தா மனுவா குடுத்திருப்பேன்? வாயப் பொத்திக்கிட்டு, வேற எங்கனயாவது போயி தண்ணி எடுத்துட்டு வந்திருப்பேன்.”